மஸ்கடேயும் கடல் உணவும்: வாசகர் கேள்விகள்

பிரான்சின் மேற்கே, லுவார் ஆறு அட்லாண்டிக்கில் கலப்பதற்குச் சற்று முன்னால், நான்த் நகரைச் சுற்றி விளைகிற வெள்ளை ஒயின் மஸ்கடே. அதைப் பற்றியும் அதற்குப் பொருந்தும் சாப்பாட்டைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: பெயரைப் பார்த்து மஸ்கட் திராட்சையில் செய்த இனிப்பு ஒயின் என்று நினைத்து மஸ்கடே வாங்கினேன். துளி இனிப்பு இல்லை. கடைக்காரர் தவறான பாட்டிலைக் கொடுத்துவிட்டாரா?

இல்லை, சரியான பாட்டில்தான். மஸ்கட் வேறு, மஸ்கடே வேறு. மஸ்கட் என்பது மல்லிகை மணம் வீசும் ஒரு திராட்சை இனம். மஸ்கடே என்பது ஒயினின் பெயர். அதன் திராட்சை 'மெலோன் து பூர்கோன்'. மரபணுச் சோதனைப்படி பினோ, கூவே ப்ளான் என்ற இரண்டு திராட்சை இனங்களுக்குப் பிறந்தது இது. ஷார்டொனே திராட்சைக்கும் அதே தாய் தகப்பன்தான். ஆனால் அண்ணன் தம்பி குணம் ஒன்றாகவா இருக்கிறது? மெலோன் அடக்கமான திராட்சை. பழவாசம் குறைவு, எலுமிச்சை, பச்சை ஆப்பிள், நனைந்த கல் போன்ற மெல்லிய சாயல்கள்தான் தெரியும்.

பூர்கோன் (பர்கண்டி) பகுதியின் இந்தத் திராட்சை நான்தில் நிலைத்ததற்கு 1709-ஆம் ஆண்டின் கடுங்குளிர் பெரிய காரணம். அந்தக் குளிரில் கொடிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. டச்சு வணிகர்கள் பிராந்தி காய்ச்ச அந்தப் பக்கத்தில் வெள்ளை ஒயின் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. குளிரைத் தாங்கும், சீக்கிரம் பழுக்கும் என்பதால் மெலோனை நட்டார்கள். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. முன்கூட்டியே துளிர்ப்பதால் ஏப்ரல் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். 1991-லும் 2021-லும் துளிர்கள் கருகி விளைச்சல் பெரிதும் சரிந்தது. அந்த ஆண்டுகளின் பாட்டில்கள் அரிதாக இருப்பது அதனால்தான்.

கேள்வி: சில லேபிள்களில் 'சுர் லி' என்று போட்டிருக்கிறது, சிலவற்றில் இல்லை. எதை வாங்குவது?

'சுர் லி' உள்ளதை வாங்குங்கள்.

'லி' என்றால் மண்டி. நொதிப்பு முடிந்ததும் செத்த ஈஸ்ட் தொட்டியின் அடியில் படியும். வழக்கமாக மேலே உள்ள ஒயினை வேறு தொட்டிக்கு இறுத்துவிடுவார்கள். சுர் லி முறையில் இறுப்பதில்லை. ஒயின் குளிர்காலம் முழுக்க அந்த மண்டியின் மேலேயே கிடந்து, பிறகு அங்கிருந்து நேராக பாட்டிலுக்குப் போகும். அறுவடைக்கு அடுத்த ஆண்டு மார்ச் 1 முதல் நவம்பர் 30-க்குள் அடைத்தால்தான் அந்தச் சொல்லை லேபிளில் அச்சிடலாம்.

மண்டியில் கிடப்பதால் என்ன லாபம்? ஈஸ்ட் செல்கள் மெல்ல உடையும்போது அமினோ அமிலங்களும் மேனோபுரதங்களும் (ஈஸ்டின் செல்சுவரில் உள்ள சர்க்கரை சேர்ந்த புரதங்கள்) ஒயினில் கசியும். நீர்த்தாற்போல் இருக்க வேண்டிய ஒயினுக்கு அவைதான் கொஞ்சம் சதைப்பிடிப்பும், பிசைந்த ரொட்டி மாவின் வாசமும் தருகின்றன. மெலோன் போன்ற அடக்கமான திராட்சைக்கு இது பெரிய உதவி. மேலும், மண்டி ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால் ஒயின் வாடாமல் இருக்கும். தொட்டி மாற்றாததால் நொதிப்பில் உண்டான கரியமில வாயுவும் சிறிது தங்கிவிடும். முதல் மடக்கில் நாக்கு நுனியில் சுருக்கென்று குத்துவது அந்த வாயுதான். அது கெட்டுப்போன அறிகுறி அல்ல, புதிதாக இருக்கிறது என்பதன் அடையாளம்.

இதில் தவறும் நடக்கும். பிழிந்த சாற்றைச் சரியாகத் தெளியவைக்காமல் நொதிக்கவிட்டால், தோலும் சதைத் துணுக்கும் சேர்ந்த கனமான மண்டி உண்டாகி, கந்தக வாடை ஏறிவிடும். அதனால் நல்ல தயாரிப்பாளர்கள் சாற்றை முதலில் தெளியவைத்து, மெல்லிய மண்டியை மட்டும் வைத்துக்கொள்வார்கள். தொட்டிகளும் அங்கே தனி வகை. தரைக்கு அடியில் கட்டி, உள்ளே கண்ணாடி ஓடு பதித்த சிமென்ட் தொட்டிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. வெப்பநிலை ஏறி இறங்காது.

லேபிளில் வேறு என்ன பார்க்கலாம்? ஊர்ப்பெயர். வெறும் 'மஸ்கடே' என்பது பொதுப்பெயர். அதற்குள் 'செவ்ர் எ மென்', 'கோத்தோ து லா லுவார்', 'கோத் து க்ராந்லியு' என்று மூன்று பகுதிகள். செவ்ர், மென் என்ற இரண்டு ஆறுகளின் பெயரில் அமைந்த முதலாவதுதான் இவற்றில் பெரியது. 1936-லேயே அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. தோட்டத்திலேயே அடைத்தது என்ற குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது. பிரான்சில் பத்து யூரோவுக்குள்ளேயே நம்பிக்கையான சுர் லி கிடைக்கும். இந்த விலைக்கு இவ்வளவு கவனமாகச் செய்த வெள்ளை ஒயின் வேறெங்கும் எளிதில் அமையாது என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: பச்சைச் சிப்பிக்கு மஸ்கடேதான் பொருத்தம் என்கிறார்கள். சிவப்பு ஒயினுடன் சாப்பிட்டபோது வாயெல்லாம் கவிச்சி அடித்தது. ஏன்?

கவிச்சிக்கு முக்கியக் காரணம் இரும்பு. 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெவ்வேறு ஒயின்களைக் கடல் உணவுடன் சுவைத்துப் பார்த்து, ஒயினில் கரைந்துள்ள இரும்பு கூடக்கூடக் கவிச்சியும் கூடுவதைக் கண்டார்கள். மீன் கொழுப்பைத் தூண்டிவிட்டு அந்த வாடையைக் கிளப்புவது இரும்புதான். சிவப்பு ஒயின்களில் அது கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. கூடவே அவற்றின் துவர்ப்பும் சிப்பியின் உப்பும் மோதி வாயில் உலோகச் சுவை தட்டும்.

மஸ்கடேயில் துவர்ப்பு இல்லை, ஓக் பீப்பாயின் வாசம் பெரும்பாலும் இல்லை, ஆல்கஹால் 12 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். சிப்பியின் கடல்நீர் உப்பு ஒயினின் புளிப்பை நாக்கில் தணிக்கிறது. ஒயினின் புளிப்போ எலுமிச்சைத் துளியின் வேலையைச் செய்கிறது. அதனால்தான் சிப்பி மேல் எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிய வேண்டாம் என்கிறோம். வினிகரில் எஷலோட் (ஒருவகைச் சின்ன வெங்காயம்) நறுக்கிப் போட்ட சாஸும் அப்படித்தான். தட்டில் உள்ளது ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால், ஒயின் சப்பென்று ஆகிவிடும். முதல் சிப்பியை எதுவும் சேர்க்காமல் சாப்பிட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள். பிரான்சில் குழிச் சிப்பிகளுக்கு 0 முதல் 5 வரை எண் இடுவார்கள். எண் கூடினால் சிப்பி சிறியது. எண் 3 என்பது 66 முதல் 85 கிராம் வரை எடையுள்ளது. முதன்முதலாகச் சாப்பிடுபவருக்கு அதுவோ எண் 4-ஓ போதும். ஆளுக்கு ஆறு, பசியோடு வருபவருக்கு ஒன்பது. கான்கால், மரென்-ஒலெரோன் இரண்டும் சிப்பிக்குப் பேர்பெற்ற இடங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை சிப்பி இனப்பெருக்கத்தில் இருப்பதால் பால் போன்ற சதையோடு இருக்கும். கேடில்லை, ஆனால் மஸ்கடேயுடன் அந்தக் கொழகொழப்பு சேராது.

திறக்கும்போது கையில் கனமான துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். குழிந்த பக்கம் கீழே, கூர்முனைக் கீல் உங்களை நோக்கி. வலது ஓரத்தில், கீலிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, குட்டைக் கத்தியை நுழையுங்கள். மூடியைப் பிடித்திருக்கும் தசை அங்கேதான் இருக்கிறது. அதை அறுத்தால் மூடி எழும்பிவிடும். முதலில் உள்ள நீரைக் கொட்டிவிடுங்கள். சில நிமிடங்களில் சிப்பி தானே இரண்டாவது நீரை விடும், அதுதான் சுவையானது. திறப்பதற்கு முன்பே வாய் பிளந்து, தட்டினாலும் மூடாததை ஒதுக்குங்கள். குழாய்த் தண்ணீரில் ஊறவைத்தால் செத்துவிடும். துணைக்கு ரை மாவு ரொட்டியும் உப்பு சேர்த்த வெண்ணெயும் இருந்தால் போதும். கர்ப்பிணிகளுக்குப் பச்சைச் சிப்பியும் வேண்டாம், ஒயினும் வேண்டாம்.

கேள்வி: பெர் ப்ளான் சாஸ் ஒவ்வொரு முறையும் எண்ணெயாகப் பிரிந்துவிடுகிறது. எங்கே தவறு?

சூட்டில்தான் தவறு. இந்த வெண்ணெய்ச் சாஸ் நான்த் பகுதியுடையது. சேன்-ஜூலியான்-து-கோன்செல் ஊரில், லுவார்க் கரையில் உணவகம் நடத்திய க்ளெமான்ஸ் லுஃபேவ்ர் உருவாக்கியது என்பது வழிவழிச் செய்தி. பெர்னேஸ் சாஸ் செய்யும்போது முட்டை மஞ்சள்கரு சேர்க்க மறந்ததில் பிறந்தது என்றும் சொல்வார்கள். கதை எப்படியானாலும், முட்டை இல்லாததுதான் இதன் சிக்கல். கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடித்துவைக்க வெண்ணெயில் இயல்பாக உள்ள சிறிதளவு பால்புரதத்தை மட்டுமே நம்புகிறோம். பிரெஞ்சு வெண்ணெயில் 82 சதவீதம் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி நீர்.

நான்கு பேருக்கு 50 கிராம் எஷலோட், 100 மி.லி. மஸ்கடே, 50 மி.லி. வெள்ளை ஒயின் வினிகர், 200 கிராம் உப்பில்லா வெண்ணெய். வெண்ணெயை ஒன்றரை செ.மீ. துண்டுகளாக நறுக்கி ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள். எஷலோட்டைப் பொடியாக நறுக்கி ஒயின், வினிகருடன் சிறு தீயில் சுண்டவையுங்கள். ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி நீர் எஞ்ச வேண்டும். முழுக்க வற்றினால் எண்ணெயைப் பிடிக்க நீரே இராது; அப்போதும் பிரியும். இது பலர் செய்யும் தவறு.

பிறகு தீயை மிகக் குறைத்து, வெண்ணெயை இரண்டிரண்டு துண்டாகப் போட்டு விடாமல் அடியுங்கள். முந்தையது முக்கால்வாசி கரைந்ததும் அடுத்தது. சாஸ் 58 டிகிரி செல்சியசைத் தாண்டினால் கொழுப்பு கசியும். 30-க்குக் கீழே போனால் கொழுப்பு உறைந்து கட்டிதட்டி, மீண்டும் சூடாக்கும்போது பிரியும். வெப்பமானி இல்லையென்றால் பாத்திரத்தின் பக்கத்தை உள்ளங்கையால் தொடுங்கள். கையை வைத்திருக்க முடிந்தால் சரி. சுட்டு எடுக்க வேண்டியிருந்தால் உடனே அடுப்பிலிருந்து இறக்கி அடியுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். எஷலோட்டை வடிகட்டலாம், விட்டும் வைக்கலாம். நாங்கள் விட்டுவைப்பதை விரும்புகிறோம்.

லேசாக எண்ணெய் விடத் தொடங்கினால் பாத்திரத்தை இறக்கி, ஒரு தேக்கரண்டி குளிர்ந்த நீர் விட்டு வேகமாக அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். முழுதாகப் பிரிந்துவிட்டால் வேறு பாத்திரத்தில் இரண்டு தேக்கரண்டி க்ரீமைச் சூடாக்கி, பிரிந்த சாஸைச் சிறிது சிறிதாக அதில் ஊற்றி அடியுங்கள். காத்திருக்க வேண்டுமென்றால் வெந்நீரில் கழுவிய தெர்மாஸில் ஊற்றிவையுங்கள். அரை மணி நேரம் நன்றாகத் தாங்கும்.

மீனுக்கு அங்கே லுவார் ஆற்றின் ப்ரோஷே (பைக்) அல்லது சாந்த்ர் (ஸாண்டர்) என்ற நன்னீர் மீனை எடுப்பார்கள். கொதிக்கவிடாமல், நீர் மெல்ல நடுங்கும் சூட்டில் வேகவையுங்கள். ப்ரோஷேயில் முள் அதிகம், எச்சரிக்கை. சாஸில் இவ்வளவு வெண்ணெய் இருப்பதால் மெல்லிய மஸ்கடே தோற்றுப்போகும். அடுத்துச் சொல்லப்போகும் ஊர்ப்பெயர் ஒயினை இதற்கு எடுங்கள்.

கேள்வி: க்ளிஸோன், கோர்ஜ் என்று பெயர் போட்ட மஸ்கடே விலை கூடுதலாக இருக்கிறது. லேபிளில் 'சுர் லி'யும் இல்லை. தரம் குறைந்ததா?

நேர் எதிர். இவை 'க்ரு கொம்யுனோ', அதாவது தனி ஊர்ப் பெயரில் விற்க அனுமதி பெற்றவை. 2011-ல் க்ளிஸோன், கோர்ஜ், லு பாலே முதலில் அங்கீகாரம் பெற்றன. 2019-ல் கூலேன், ஷாத்தோ-தெபோ, மோனியேர்-சேன்-ஃபியாக்ர், மூசியோன்-தில்யேர் சேர்ந்தன. க்ளிஸோனும் கோர்ஜும் மண்டியின் மேல் குறைந்தது 24 மாதம் கிடக்க வேண்டும். 'சுர் லி' என்ற சொல்லுக்கு அறுவடைக்கு அடுத்த ஆண்டு நவம்பர் 30 எல்லை என்பதால், அதைத் தாண்டிக் கிடக்கும் இவற்றில் அந்தச் சொல் பெரும்பாலும் இராது.

க்ளிஸோன் கிரானைட் நிலம்; ஒயின் உருண்டு திரண்டு, பழுத்த பழச் சாயலோடு இருக்கும். கோர்ஜில் காப்ரோ என்னும் கரும்பாறை சிதைந்த களிமண். ஒயின் இறுக்கமாக, புகைச் சாயலோடு, முதல் சில ஆண்டுகள் வாயே திறக்காது. வெண்ணெய்ச் சாஸ் மீன், கோழி, வேகவைத்த லாங்குஸ்தீன் இறால் இவற்றோடு வையுங்கள். பச்சைச் சிப்பிக்கு இளம் சுர் லிதான் மேல்.

பத்திரப்படுத்தும் காலமும் வேறு. சாதாரண மஸ்கடேயை மூன்று ஆண்டுக்குள் குடித்துவிடலாம். நல்ல தோட்டத்துச் சுர் லி ஐந்து முதல் பத்து ஆண்டு தாங்கும், க்ருக்கள் அதற்கும் மேல். 'வெள்ளை ஒயின் வைத்தால் கெடும்' என்று நினைப்பவர்கள் பத்து வயதான கோர்ஜ் ஒன்றைச் சுவைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மட்டி சமைக்க எவ்வளவு ஒயின் ஊற்ற வேண்டும்?

நான்கு பேருக்கு 2 கிலோ மூல் மட்டிக்கு 200 மி.லி. போதும். மட்டியே நிறைய நீர் விடும். அரை பாட்டில் ஊற்றினால் சாறு நீர்த்துப் புளித்துவிடும். ஓட்டில் தொங்கும் நாரைப் பிய்த்து, உடைந்ததையும் தட்டினால் மூடாததையும் தூக்கிப்போடுங்கள். அகலப் பாத்திரத்தில் 40 கிராம் வெண்ணெயில் மூன்று எஷலோட்டை நிறம் மாறாமல் வதக்கி, ஒயின், தைம், ஒரு பிரிஞ்சி இலை சேர்த்து ஒரு நிமிடம் கொதித்ததும் மட்டியைப் போட்டு மூடுங்கள். முழுத் தீயில் நான்கைந்து நிமிடம், நடுவில் ஒருமுறை குலுக்குங்கள். ஓடு திறந்ததும் இறக்கிவிட வேண்டும். மேலும் இரண்டு நிமிடம் விட்டால் ரப்பராகிவிடும். உப்பு போடவே வேண்டாம். சாற்றை ஊற்றும்போது பாத்திரத்தின் அடியில் உள்ள கடைசிக் கரண்டியை விட்டுவிடுங்கள், மணல் அங்கே இருக்கும். சமைத்த அதே ஒயினைக் குடிக்கவும் வையுங்கள்.

கேள்வி: எவ்வளவு குளிர்ச்சி வேண்டும்?

இளம் மஸ்கடே 8 முதல் 10 டிகிரி, க்ரு 11 அல்லது 12. ஃப்ரிட்ஜில் இரண்டரை மணி நேரம். அவசரமென்றால் பாதி ஐஸ் பாதி தண்ணீர் வாளியில் 20 நிமிடம். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலை முழுதும் தொடாது, நேரமாகும். 4 டிகிரிக்கு இறக்கினால் ஏற்கெனவே மென்மையான வாசம் முழுக்க அடங்கிவிடும். கோப்பையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். சிறிது சிறிதாக ஊற்றினால்தான் குளிர் தங்கும்.

கேள்வி: பாட்டிலின் அடியில் சர்க்கரை போல் படிகங்கள். இன்னொன்றில் தீக்குச்சி உரசிய வாடை. இரண்டையும் திருப்பிக் கொடுக்கலாமா?

படிகம் டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. குளிரில் படிவது, கண்ணாடித் துண்டு அல்ல, தீங்கும் இல்லை. கடைசி சொட்டுகளை ஊற்றாமல் விட்டால் போதும். தீக்குச்சி வாடை மண்டியில் கிடந்த ஒயினில் சகஜம். வாய் அகன்ற குடுவைக்கு மாற்றிப் பத்து நிமிடம் காற்றாட விட்டால் பெரும்பாலும் போய்விடும். போகாமல் அழுகிய முட்டை நாற்றமாக நின்றால் குறைதான். ஈரமான அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க்கின் கெடுதல். அது காற்றாடினாலும் போகாது, திருப்பிக் கொடுங்கள். நிறம் பழுப்பேறி, வெட்டிவைத்த ஆப்பிள் வாடை வந்தால் சூட்டில் கிடந்தது அல்லது காற்று புகுந்தது.

கேள்வி: சீஸ், காய்கறிக்கு?

லுவார்ப் பகுதியின் இளம் ஆட்டுப்பால் சீஸ்கள் நன்றாகச் சேரும்: சேன்த்-மோர் து துரேன், வாலான்செ. நான்தின் க்யூரே நான்தே சீஸ் வாசம் கூடியது, அதற்கு க்ரு தேவை. நீலப் பூஞ்சை சீஸ் வேண்டாம். நான்த் மணற்பாங்கில் விளையும் மாஷ் கீரையைச் சாலட்டாகச் செய்தால் வினிகர் ஒரு பங்குக்கு எண்ணெய் ஐந்து பங்கு வையுங்கள். வழக்கமான மூன்று பங்கு ஒயினை மழுக்கிவிடும். ஆர்டிசோக் சாப்பிட்டதும் எதைக் குடித்தாலும் இனிப்பாகத் தோன்றும், அதைத் தவிர்க்கலாம்.

கேள்வி: க்ரோ ப்ளான் என்பதும் இதே ஒயினா?

அதே ஊர்ப்பக்கம், வேறு திராட்சை. ஃபோல் ப்ளான்ஷ் என்ற இனத்தில் செய்வது, புளிப்பு இன்னும் கூர்மை. 2011 முதல் தனி அங்கீகாரம் உள்ளது. சிப்பி, சிறு நத்தைகள், வறுத்த மத்தி மீனுக்குச் சரி. தனியாகக் குடிக்க மஸ்கடேயே இதம்.

கேள்வி: பாதி பாட்டில் மிஞ்சினால்?

கார்க்கால் இறுக மூடி, ஃப்ரிட்ஜில் நிற்கவையுங்கள். படுக்கவைத்தால் காற்று படும் பரப்பு கூடும். இளம் மஸ்கடே மறுநாள் குத்தும் வாயுவை இழக்கும், மூன்றாம் நாள் வரை குடிக்கலாம். க்ரு மறுநாள்தான் நன்றாகத் திறந்திருக்கும். அதற்குப் பிறகு மிஞ்சியதைச் சிறு டப்பாக்களில் 100 மி.லி. அளவாக உறையவையுங்கள். மேலே சொன்ன வெண்ணெய்ச் சாஸுக்கு ஒரு டப்பா சரியான அளவு.